வளர்ந்தோர்க்குச் செய்யப்படும் அடிநாச்சதை நீக்கம்

வாயை அகலத் திறந்து ஆடியில் நோக்குவார்க்கு, நடுவே தொங்கும் உண்ணாக்கின் இருமருங்கும், மெல்லண்ணத்தினின்று இறங்கும் மடிப்புக்களின் இடையே, வாதுமைப் பருப்பின் வடிவினவாய் இரு சதைத் திரட்சிகள் தோன்றும். மேனாட்டு வைத்தியர் ரொன்சில் எனக் கூறும் இவை தமிழில் அடிநாச்சதை எனப்படும். பொதுமக்கள் இவற்றையும் உண்ணாக்கையும் ஒன்றெனக் கருதி, எதில் நோய் வந்தாலும் உண்ணாக்கு வளர்ந்துவிட்டது என்றே கூறுவர். இரண்டும் வேறாவன. அடிநாச்சதை நிணநீர்த் தொகுதியைச் சார்ந்தது. காற்றோடும் உணவோடும் உட்புகும் கிருமிகளை எதிர்கொண்டு, அவற்றை உடலுக்கு அறிமுகஞ் செய்து வைப்பது அதன் தொழில். மூக்கின் பின்புறத்திலும் நாவின் அடியிலும் இதனையொத்த திசுக்கள் உள. இவையாவும் சேர்ந்து தொண்டையின் வாயிலைச் சுற்றி ஒரு வளையமாய் அமைந்திருத்தலை ஜெர்மானிய உடற்கூற்றறிஞர் வால்டயர் 1884 ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். குழந்தைப் பருவத்தில் இவ்வளையம் பெரிதும் பயன்படும். பருவமெய்திய பின்னர் அடிநாச்சதை சிறுகச் சிறுகச் சுருங்கும். ஆதலின் வளர்ந்த ஒருவரிடமிருந்து அதனை நீக்குவதால் நோயெதிர்க்கும் ஆற்றல் குறிப்பிடத்தக்க அளவிற் குன்றுவதில்லை. நீக்கலாமா என்பதன்று, நீக்க வேண்டுமா என்பதே ஆராய்தற்குரியது.

இவ்வுறுப்பைக் களையும் முயற்சி மிகப் பழையது. கி. பி. முதலாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த செல்சசு, கடினமுற்ற அடிநாச்சதையை விரலாற் சுற்றித் தோண்டி எடுக்குமாறும், அது வாராதாயின் கொக்கியாற் பற்றிக் கத்தியால் அறுக்குமாறும் எழுதியுள்ளார். மயக்க மருந்தில்லாத காலத்தில் அது எத்தகைய வேதனையாயிருந்திருக்கும் என்பதை ஊகித்துக் கொள்ளலாம். நம் நாட்டு ஆயுள்வேத நூல்களுள் சுசுருத சங்கிதை, அண்ணத்து நோய்களை வகுக்குமிடத்துத் துண்டிகேரி என ஒன்றைக் கூறும். அடிநாச்சதை வீக்கமே அதுவென்பது பலர் துணிபு. உண்ணாக்கை அறுக்கும் முறையைக் கூறுமிடத்து, மிகுதியாக அறுப்பின் குருதி பெருகி உயிர்க்கு இறுதியாகும் எனவும், குறைவாக அறுப்பின் வீக்கம் முதலியன உண்டாகும் எனவும் அந்நூல் எச்சரிக்கின்றது. குருதிப் பெருக்கே தொண்டைச் சத்திரசிகிச்சையின் தலையாய இடர் என்பதனை முன்னோர் அறிந்திருந்தனர். இற்றைநாள் வரையும் அது மாறவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இச்சிகிச்சை ஒரு நாகரிகம் போலப் பரவிற்று. மூட்டு நோய் முதலாய பல பிணிகட்கும் பல்லிலும் அடிநாச்சதையிலும் ஒளிந்திருக்கும் கிருமிகளே காரணம் என்னுங் கொள்கையைச் சிக்காகோ நகரத்து வைத்தியர் பிராங்க் பில்லிங்ஸ் முதலானோர் பரப்பினர். அக்கொள்கையின் வேகத்தை அளந்து காட்டுவது, 1934 இல் அமெரிக்கச் சிறுவர் சுகாதாரச் சங்கம் வெளியிட்ட ஓர் ஆய்வு. நியூயோர்க் நகரில் 11 வயதுடைய 1000 மாணாக்கரை நோக்கியபோது, 611 பேர்க்கு அடிநாச்சதை முன்னரே நீக்கப்பட்டிருந்தது. எஞ்சிய 389 பேரை வைத்தியர்கள் பரிசோதித்து, 174 பேர்க்கு நீக்க வேண்டும் என்றனர். வேண்டாம் எனப்பட்ட 215 பேரை வேறு வைத்தியரிடம் அனுப்ப, அவர் 99 பேர்க்கு வேண்டும் என்றனர். மிகுந்த 116 பேரை மூன்றாம் முறை காட்டியபோது மேலும் 51 பேர் பொறுக்கப்பட்டனர். இறுதியில் ஆயிரவருள் 65 பேரே தப்பினர்! நோயுடையாரைத் தேர்தற்கு மாறாக, வந்தவருட் பாதிப்பேரைத் தேரும் வழக்கம் வைத்தியரிடம் வேரூன்றியிருந்தது போலும்.

பெனிசிலின் வந்த பின்னரும், கடுமையான ஆய்வுகள் எழுந்த பின்னரும், இவ்வழக்கம் தளர்ந்தது. இன்று வைத்தியர் ஒரு கணக்கைப் பின்பற்றுகின்றனர். ஓராண்டில் 7 முறை, அன்றி ஈராண்டுகளில் ஆண்டுக்கு 5 முறை, அன்றி மூன்றாண்டுகளில் ஆண்டுக்கு 3 முறையாவது, காய்ச்சலோடும் விழுங்கவியலா நோவோடும் அடிநாச்சதை அழன்றிருத்தல் வேண்டும் என்பர். சதையைச் சூழ்ந்து சீழ்கட்டும் நோய் மீண்டும் மீண்டும் வருதல், உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுமளவு சதை பருத்திருத்தல் என்பனவும் காரணங்களாம். வளர்ந்தோரிடத்து வேறொன்றும் கருதத்தக்கது: ஒருபுறச் சதை மாத்திரம் காரணமின்றிப் பருக்குமாயின், அது புற்றுநோயாகவும் இருத்தல் கூடும். ஆங்கு நோவு இல்லையென்று வாளாவிருத்தல் தகாது. எடுத்துப் பரிசோதித்தே தெளிதல் வேண்டும்.

அடிக்கடி தொண்டை அழன்று வருந்தும் வளர்ந்தோர்க்கு இதனாற் பயனுண்டா என்பதற்கு, பிரித்தானியாவில் 27 வைத்தியசாலைகளில் நிகழ்ந்து 2023 இல் வெளியான ஓர் ஆய்வு விடை தருகின்றது. 453 பேரை இரு கூறாக்கி, ஒரு கூற்றார்க்கு உடனே சிகிச்சை செய்தும், மற்றையோரைச் செய்யாது வைத்தும், ஈராண்டு நோக்கினர். செய்துகொண்டோரின் தொண்டைநோவு நாட்களின் இடைநிலை 23, ஏனையோர்க்கு 30. நோயின் முந்திய கடுமை முதலியவற்றையும் கணக்கிற் கொண்டு பார்த்தபோது, நோவு நாட்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தமை புலனாயிற்று. பயன் உண்டு என்பது தெளிவு. எனினும், தொண்டைநோவு இனி எக்காலும் வாராது என நம்பிச் செல்பவர் ஏமாறுவர். அடிநாச்சதை போயினும் தொண்டை இருக்கின்றது. தடிமன் பிடிக்கும் காலத்து அதுவும் நோகும்.

சத்திரசிகிச்சை சிறிது நேரத்திலே முடிவது. பெரும்பாலும் அரைமணிக்கு மேற் செல்லாது. நோயாளி முழு மயக்கத்திலிருப்பார். மூச்சுக்குழாயினுள் ஒரு குழாய் செலுத்தப்பட்டிருக்கும். தலையைப் பின்சாய்த்து, வாயை ஒரு கருவியால் விரித்து, சதையைப் பற்றி நடுக்கோட்டை நோக்கி இழுத்து, அதனைச் சூழ்ந்த உறையோடு அடித்தசையினின்று பிரித்தெடுப்பர். கத்தரியும் உரிகருவியும் கொண்டு பிரித்தல் பழைய முறை. மின்வெப்பத்தாலும், உப்புநீரில் மின்னாற்றலைச் செலுத்திக் குறைந்த வெப்பத்திலும் பிரித்தல் புதிய முறைகள். வெளியே கீறல் இல்லை, தழும்பு இல்லை. அன்றோ மறுநாளோ வீடு திரும்பலாம். இவ்வளவையும் கேட்டு இஃதோர் எளிய காரியம் என்றெண்ணுதல் இயல்பே.

1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்த சாமுவேல் கிறீன் என்னும் வைத்தியர், சத்திரவைத்தியம் பற்றித் தாம் வெளியிட்ட நூலுக்கு இரணவைத்தியம் எனப் பெயரிட்டார். இரணம் என்பது புண். வேறெச்சிகிச்சைக்குப் பொருந்தினும் பொருந்தாதொழியினும், இதற்கு அப்பெயர் முற்றும் பொருந்தும். ஏனெனில், வயிற்றையோ கையையோ அறுத்தால் வைத்தியர் தைத்து மூடுவார். அடிநாச்சதை இருந்த குழி தைக்கப்படுவதில்லை. தசை வெளித்தெரிய, இரு திறந்த புண்களாக அது விடப்படுகின்றது. அப்புண்மீதே நாடோறும் நூற்றுக்கணக்கான முறை உமிழ்நீரை விழுங்க வேண்டும், உண்ண வேண்டும், பேச வேண்டும். வைத்தியரின் வேலை அரைமணியில் முடிகின்றது. நோயாளியின் வேலை இருவாரம் நீடிக்கின்றது.

அவ்விருவாரமும் எவ்வாறு செல்லும் என்பதை அறியாமையாலேயே வளர்ந்தோர் பலர் கலங்குகின்றனர். ஏனைப் புண்களின் நோவு நாளுக்கு நாள் குறையும். இந்நோவு அவ்வாறன்று. முதலிரு நாட்களும் ஓரளவு தாங்கத்தக்கதாயிருந்து, நான்காம் நாள் தொடங்கி ஏழாம் எட்டாம் நாள்வரை மிகுந்து, அதன் பின்னரே தணிவது பெருவழக்கு. மூன்றாம் நாள் தேறியிருந்தவர் ஆறாம் நாள் கண்ணீர் விடுவார். காரணம் யாதெனின், புண்ணின்மேல் ஒரு நாளுக்குள் வெண்ணிறமான போர்வையொன்று படர்கின்றது. உடம்பில் ஏனையிடங்களிற் புண்மேற் கட்டும் அயறு போன்றதே இது. ஈரத்திலிருப்பதால் வெளுத்துத் தோன்றும். ஐந்தாம் நாள் தொடக்கம் பத்தாம் நாள்வரை இது சிறிது சிறிதாகக் கழன்று விழ, கீழுள்ள இளந்தசை வெளிப்படும். அப்போதே நோவு உச்சமடையும். இவ்வெண்போர்வையைச் சீழ் எனக் கருதி அஞ்சுவாரும், சுரண்டியெடுக்க முயல்வாரும் உளர். அது சீழன்று, தொடுதலும் தகாது. வாய் நாறுதலும் இதன் இயல்பே.

காதுநோவும் உடன் வரும். தொண்டையில் அறுத்ததற்குக் காது நோவானேன் என்று வியப்பர். அடிநாச்சதைப் புறத்து உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் ஒன்பதாம் கபால நரம்பே நடுச்செவிக்கும் ஒரு கிளையை அனுப்புகின்றது. மூளையோ நோவு எக்கிளையால் வந்ததென்று பிரித்தறிய மாட்டாது மயங்குகின்றது. காதில் நோய் ஒன்றுமில்லை.

சிறுவர் ஒரு கிழமையில் ஓடியாடத் தொடங்க, வளர்ந்தோர் இருகிழமை படுக்கையை நாடுவதற்கும் காரணமுண்டு. பல்லாண்டு அழன்றழன்று வடுப்பட்ட சதை, அடித்தசையோடு இறுக ஒட்டியிருக்கும். குழந்தையிடத்துப் போல எளிதில் உரியாது. புண்ணின் பரப்பும் பெரிது.

இந்நோவினிடையே நோயாளி செய்யத்தக்கது, நோவுக்கு எதிரானதே: விழுங்குதல். விழுங்காதிருப்பின் தொண்டை வறளும். வறண்டால் நோவு மிகும். மிகுந்தால் மேலும் விழுங்க மனம் வாராது. இச்சுழலிற் சிக்கியவரே நீரின்றி வாடி, வைத்தியசாலையில் நாளத்தின்வழி நீரேற்ற வேண்டிய நிலையை அடைவர். காலையில் விழிக்கும்போது நோவு மிகக் கொடியதாயிருத்தலும் இரவெல்லாம் தொண்டை வறண்டமையாலேயே. ஆதலின் நோவு வந்தபின் மருந்தைத் தேடாது, வைத்தியர் குறித்த பரசிற்றமோல் முதலியவற்றை நேரந்தவறாது உட்கொண்டு, மருந்து பிடித்த அரைமணியின் பின் உண்ணுதல் நலம். இரவில் ஒருமுறை எழுந்து மருந்தும் நீரும் கொள்ளுதல் காலை வேதனையைக் குறைக்கும். அஸ்பிரின் மாத்திரம் கூடாது. அது குருதி உறைதலைத் தடுக்கும்.

உணவு பற்றி, ஐஸ்கிறீமும் குளிர்பானமுமே உண்ண வேண்டும் என்பது பழைய எண்ணம். குளிர்ச்சி இதமளிக்கும் என்பது மெய். ஆயினும் கட்டிய உணவை மென்று விழுங்குவதாலும் தீங்கில்லை. தொண்டைத் தசைகள் இறுகாதிருக்க அது துணைசெய்யும். யாழ்ப்பாணத்து அடுக்களையில் இதற்கேற்றவை நிரம்ப உள. குழைந்த பாற்கஞ்சி, சவ்வரிசிக் கஞ்சி, தயிர் பிசைந்த சோறு, மிளகாயும் தேசிப்புளியும் சேராத சொதியில் ஊறிய இடியப்பம், இளநீர் ஆகியன எல்லாம் ஆகும். ஒடியற்கூழை இருவாரம் மறத்தல் வேண்டும். அதன் உறைப்பைப் புண் தாங்காது. முறுக்கும் பொரித்த அப்பளமும் கூர்விளிம்புடையன. வெற்றிலையும் சுண்ணாம்பும் ஆகா. சுருட்டோ புண் ஆறுதலையே தடுக்கும்.

எல்லாவற்றினும் முதன்மையானது குருதிப் பெருக்கு. அது இருவகைத்து. முதல் 24 மணிக்குள் நிகழ்வது ஒன்று. இது பெரும்பாலும் வைத்தியசாலையிலேயே கண்டு தடுக்கப்படும். மற்றையது, வெண்போர்வை கழலும் ஐந்தாம் நாள் முதற் பத்தாம் நாள்வரையில் வீட்டிலே நிகழ்வது. இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் 2003, 2004 ஆம் ஆண்டுகளில் 33,921 பேரைக் கணக்கெடுத்தபோது, மீண்டும் வைத்தியசாலையை நாடுதல் போன்ற விளைவுகளை உண்டாக்கிய குருதிப் பெருக்கு நூற்றுக்கு 3.5 பேர்க்கு நேர்ந்தது. 16 வயதுக்கு மேற்பட்டோரிடத்து அது 4.9 ஆக உயர்ந்தது. மேற்கூறிய 2023 ஆய்விலோ, சிறிதும் பெரிதுமாகக் குருதி கண்டோர் நூற்றுக்கு 19 பேர். இவற்றுட் பெரும்பாலன தாமே நிற்பன. ஆயின் எது நிற்கும், எது பெருகும் என்பதை வீட்டிலிருப்போர் முன்னறிய இயலாது. உமிழ்நீரில் இழையாகச் சிறிது செம்மை காணின் குளிர்நீராற் கொப்பளித்து நோக்கியிருக்கலாம். புதுக்குருதி வாயில் ஊறுமாயின், நோயாளியை நிமிர்த்தி இருத்தி, முன்சாய்ந்து துப்பச் செய்து, தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். குருதியை விழுங்கினால் வாந்தி உண்டாகும். எவ்வளவு போயிற்று என்பதும் தெரியாது. விடியட்டும் என்று காத்திருத்தலே உயிர்க்கு ஊறாவது.

இதனாலேயே, இருவாரமும் வைத்தியசாலைக்கு அண்மையில் இருக்குமாறு கூறப்படும். நெடுந்தீவில் உள்ளார் ஒருவர் சிகிச்சை பெற்ற மறுநாளே குறிகட்டுவானிற் படகேறி ஊர் சேர்தல் விவேகமன்று. நள்ளிரவிற் குருதி பெருகினால் படகு ஏது? பட்டினத்தில் உறவினர் வீட்டிற் பதினான்கு நாள் தங்கிச் செல்வதே தக்கது. பாரந் தூக்குதல், துலாவில் நீரிறைத்தல், விளையாட்டு என்பனவும் அதுவரை தவிர்க்கப்படும். கலியாணத்தையோ பரீட்சையையோ அடுத்துச் சிகிச்சைக்கு நாட்குறித்தலும் ஆகாது.

ஆசிரியராயுள்ளோர் விடுமுறைத் தொடக்கத்தில் இதனை வைத்துக்கொள்வது நன்று. முதற்கிழமையில் குரல் மூக்கடைத்தாற்போல ஒலிக்கும், உண்ணாக்கும் வீங்கியிருக்கும். மூன்றாம் கிழமையளவில் புண் பெரும்பாலும் ஆறிவிடும். மெல்லப் பேசுவதால் தீங்கில்லை. முப்பது மாணாக்கர் கேட்கக் குரலெழுப்பிப் பாடஞ் சொல்லுதலே அதுவரை ஆகாதது. பண்ணிசைப்போரும் சங்கீதம் பயில்வோரும் இன்னுஞ் சில கிழமை பொறுத்தல் வேண்டும். தொண்டையின் இடம் அகன்றமையால் குரலின் ஒலிப்பிற் சிறு வேறுபாடு தோன்றலாம். அதற்கேற்பப் பழகிக் கொள்ளக் காலம் செல்லும்.