இணையவழி வணிகமும் எழுதிவைத்த வேலைமுறையும்

அடுக்களையையும் ஒரு கைத்தொலைபேசியையும் மூலதனமாகக் கொண்டு வணிகம் நடத்துவோர் இன்று நம் நாட்டிலே பலர் உளர். மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனங்கட்டி, கையால் தைத்த ஆடை ஆகியன முகநூல் வழியாகவும் வாட்ஸ்அப் வழியாகவும் விலையாகின்றன. ஆனால் கணக்கு, கையிருப்பு, பொதி கட்டும் பக்குவம் யாவும் பெரும்பாலும் ஒருவரது நினைவிலேயே தங்கியிருக்கின்றன. அவர் நான்கு நாள் காய்ச்சலிற் படுத்துவிட்டால் என்னாகும்? பொருள் உண்டு, வாங்குவோர் உண்டு, உதவ வீட்டாரும் உண்டு. எனினும் எதை எடுத்து எவருக்கு அனுப்புவது என்பதை அவ்வீட்டார் அறியார். முற்பணம் செலுத்திக் காத்திருப்பவரோ ஏமாற்றப்பட்டோம் என்றே எண்ணுவார்.

நினைவாற்றல் மிக்கவருக்கு எழுத்து எதற்கு என்று சிலர் கேட்கலாம். 1935ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி, அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலுள்ள றைற் விமானத்தளத்திலே, போயிங் நிறுவனத்தின் 'மாதிரி 299' என்னும் நான்கு இயந்திர விமானம் மேலெழுந்த சிறிது நேரத்தில் வீழ்ந்து எரிந்தது. இயந்திரங்களிற் பழுதில்லை. தரையில் நிற்கையிற் காற்றினால் வாற்பகுதித் தட்டுகள் அசையாவண்ணம் இட்டிருந்த பூட்டை விடுவிக்க மறந்துவிட்டனர். மறந்தவர்கள் கற்றுக்குட்டிகள் அல்லர், கைதேர்ந்த விமானமோட்டிகள். இருவர் உயிர்துறந்தனர். அதன் பின்னர், செய்யவேண்டியவற்றை நிரலாக எழுதி, அதனைப் பார்த்தே செய்யும் வழக்கம் விமானமோட்டிகளிடையே வேரூன்றியது. அம்மாதிரியின் வழிவந்த பி-17 விமானங்கள் 12,000க்கும் மேலாகக் கட்டப்பட்டன.

மிளகாய்த்தூட் பொதிக்கும் இந்த நியாயம் பொருந்தும். ஓய்வாக அமர்ந்து எழுதினால், நாம் செய்ய நினைப்பதையே எழுதுவோம், செய்வதை எழுதோம். ஆதலின் வேலை செய்துகொண்டே எழுதுதல் நன்று. பணம் வந்துவிட்டதா, பொருளைக் கையளிக்கும்போது பெறுவதா என்று பார்த்தல், அப்பொழுதே கையிருப்பிலிருந்து கழித்தல், நிறுத்தல், பையின் வாயை ஒட்டி, அரைத்த திகதியை எழுதுதல், விலாசத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் வாங்குவோர் அனுப்பிய செய்தியோடு ஒப்புநோக்குதல், பொதியைப் படம் பிடித்தல், கூரியர் தந்த இலக்கத்தை வாங்குவோருக்கு அறிவித்தல். இவற்றுள் கையிருப்பைக் கழிக்கும் படியே எளிதில் விடுபடுவது. எஞ்சிய ஒரே பையை முகநூலில் ஒருவருக்கும் வாட்ஸ்அப்பில் இன்னொருவருக்கும் விற்றுவிட்டு விழிக்க நேர்வது இதனாலேதான்.

"நன்றாக ஒட்டுக" என்று எழுதாதீர்கள். அந்த 'நன்றாக' எழுதியவருக்கு மட்டுமே விளங்கும். "பையைத் தலைகீழாகப் பிடித்து மும்முறை உதறுக, தூள் சிந்தின் மீண்டும் ஒட்டுக" என்றால் நேற்று வந்த உதவியாளருக்கும் ஐயமிராது. எழுதி முடிந்ததும் தாளை வீட்டில் ஒருவரிடம் கொடுத்து, நீங்கள் அருகே பேசாதிருங்கள். அவர் எவ்விடத்திலே தயங்கி உங்கள் முகத்தைப் பார்க்கின்றாரோ, அவ்விடத்தில் ஒரு வரி குறைகின்றது. பேசாதிருத்தலே இதிற் கடினமான பகுதி என்பதையும் சொல்லிவிடுகின்றேன்.

பொதி அனுப்பியதோடு வேலை முடிந்ததாகாது. கூரியர் நிறுவனம் பல பொதிகளுக்கான பணத்தைத் திரட்டி ஒருமிக்கச் செலுத்தும்போது, எத்தொகை எப்பொதிக்குரியது எனப் பொருத்திப் பார்க்க வாரத்தில் ஒரு நாளைக் குறித்தல் வேண்டும். திருப்பியனுப்பிய பொருளுக்கு, உங்களைக் கேளாமலே உதவியாளர் எத்தனை ரூபா வரை மீளக் கொடுக்கலாம் என்பதும் தாளில் இருத்தல் வேண்டும்.

கூட்டுச்சரக்கின் அளவை எழுதினால் தொழில் இரகசியம் வெளிப்படுமே என்று அஞ்சுவோர் உண்டு. அவ்வச்சம் நியாயமானதே. அதனையும் கடவுச்சொற்களையும் தனித்தாளில் எழுதிப் பூட்டி வைக்கலாம். திறப்பு இருக்குமிடம் நம்பிக்கையான வேறொருவருக்கும் தெரிந்திருந்தாற் போதும்.

ஒவ்வொரு தாளிலும் திகதி இடுங்கள். திருத்தி எழுதியதும் பழையதைக் கிழித்துவிடுங்கள். பொதி ஒன்று ஆள்மாறிப் போனால், உதவியாளரைக் கடிவதற்கு முன் தாளை எடுத்துப் பாருங்கள். அவர் அதன்படியே செய்திருக்கவுங் கூடும். எல்லாவற்றையும் ஒரே நாளில் எழுத முற்படுதல் வேண்டா. அடுத்த பொதியைக் கட்டும்போது, கொப்பியில் ஒரு பக்கம் எழுதினாற் போதுமானது.