இணையவழி நோய்த் தேடல்

இணையவழி நோய்த் தேடல் என்பது, மருத்துவரைக் காணும் முன்னரே ஒருவர் தமது நோய் அறிகுறிகளையும் அவற்றுக்கான மருந்துகளையும் இணையத்தில் தாமே தேடி அறிய முற்படுவது ஆகும். இத்தேடலால் மிகும் நோய் அச்சம் சைபர்காண்ட்ரியா எனப்படுகிறது. தலைவலி போன்ற எளிய அறிகுறியில் தொடங்கும் தேடல் மூளைக்கட்டி போன்ற அரிய நோய்களுக்கு இட்டுச் செல்வதை, மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்களான ரையன் வைட், எரிக் ஹோர்விட்ஸ் ஆகியோர் 2008 இல் விளக்கினர். தேடல் அச்சத்தை மட்டுமன்றிப் பொய்யான நிம்மதியையும் தரக்கூடும். கொல்லிமலையின் முடவாட்டுக்கால் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

முடவாட்டுக்கால்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் மரங்களிலும் பாறைகளிலும் ஒட்டி வளரும் பெரணி வகைத் தாவரம் இது. தாவரவியல் பெயர் டிரைனேரியா குவெர்சிஃபோலியா. கிழங்கு என விற்கப்படும் பகுதி உண்மையில் இதன் மட்டநிலத்தண்டு ஆகும். பழுப்பு நிறச் செதில்கள் மயிர்போல் மூடியிருப்பதால் ஆட்டுக்கால் போலவே தோன்றும். தோலைச் சீவி நறுக்கி, மிளகு, சீரகம், பூண்டு சேர்த்துச் சூப்பாக்கி அருந்துவர். மலைக்குச் சென்றோர் வாங்கி வந்த இக்கிழங்கு, யூடியூப் காணொளிகளால் 'சைவ ஆட்டுக்கால்' எனப் புகழ்பெற்று, இன்று இணையக் கடைகளிலும் மூட்டு வலிக்கென விற்பனையாகிறது.

இதன் சாறு எலிகளில் வீக்கத்தையும் வலியையும் குறைத்ததாக ஆய்வுகள் உண்டு. ஆனால் அதை மனிதருக்கான சான்றாகக் கொள்ள இயலாது. சூப் அருந்துவதைக் காட்டிலும், எந்த மூட்டு நோய் என்று அறியாமல் அருந்துவதே சிக்கலானது. முதுமையில் வரும் முழங்கால் தேய்மானம் மெதுவாக வளர்வது. முடக்கு வாதம் அவ்வாறன்று. இதில் உடலின் நோய் எதிர்ப்பாற்றலே மூட்டுகளைத் தாக்குகிறது. இரு கைகளின் சிறு மூட்டுகளும் வீங்கும், காலையில் நெடுநேரம் விறைத்திருக்கும். சிதைந்த மூட்டு பழைய நிலைக்குத் திரும்பாது என்பதால், முதற் சில மாதங்களிலேயே சிகிச்சை தொடங்க வேண்டும். சூப்பைச் சோதித்துப் பார்ப்பதில் கழிவதும் பெரும்பாலும் அம்மாதங்களே.

மாறாக, 2006 இல் தமிழகத்தில் பரவிய சிக்குன்குனியா போன்ற காய்ச்சலுக்குப் பின் வரும் மூட்டு வலி, பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானே தணியும். அக்காலத்தில் சூப் அருந்தியவர் பெருமையைச் சூப்புக்கே தருவார். அவர் பொய் சொல்லவில்லை. எனினும் அவரது அனுபவம் முடக்கு வாத நோயாளிக்குப் பொருந்தாது.

சொற்குழப்பம்

தமிழில் தேடுவோருக்குக் கூடுதல் இடர் ஒன்றும் உண்டு. பக்கவாதம் மூளைக் குருதிக்குழாய் நோய். இளம்பிள்ளை வாதம் போலியோ. முடக்கு வாதம் மூட்டு நோய். சித்த மருத்துவத்தில் வாத நோய்கள் 80 எனக் கூறப்படுகின்றன. 'வாதம்' என்று மட்டும் தேடுபவருக்கு இவையனைத்தும் கலந்தே கிடைக்கும்.

அறிகுறிகளைக் கேட்டு நோயைக் கணிக்கும் மென்பொருள்களும் முழுத் தீர்வாகவில்லை. 2015 இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், 23 மென்பொருள்கள் சராசரியாக 34 விழுக்காட்டு நேர்வுகளிலேயே சரியான நோயை முதலிடத்தில் காட்டின.

சட்டம்

இந்தியாவின் 1954 ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய மருந்துகள் சட்டம், அட்டவணையிலுள்ள நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்துகளை விளம்பரப்படுத்துவதைத் தடை செய்கிறது. அவ்வட்டவணையில் வாத நோயும் இடம்பெற்றுள்ளது. முடவாட்டுக்காலோ பெரும்பாலும் உணவுப் பொருளாகவே விற்கப்படுகிறது என்பது குறிப்பிடத்தக்கது.