வரவு செலவு அறிந்த மேயர்

கனடாவில் உறவினர் உள்ள வாசகியர் மிசிசாகா என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ரொறன்ரோவுக்கு மேற்கே, எம்மவர் குடும்பங்களும் வாழும் நகரம் அது. 1978 முதல் 2014 வரை, 36 வருடங்கள் அந்நகரின் மேயராக இருந்தவர் ஒரு பெண். பெயர் ஹேசல் மக்கலியன்.

கியூபெக் மாகாணத்தின் கடலோரக் கிராமமொன்றில் 1921இல் பிறந்தவர். பல்கலைக்கழகம் செல்ல வீட்டில் வசதியில்லை. செயலாளர் பயிற்சி பெற்று, மொன்றியலில் கெலொக் என்ற பொறியியல் கொம்பனியில் சேர்ந்தார். (காலையுணவு விற்கும் கெலொக் அல்ல, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் கட்டிய வேறு நிறுவனம்.) அந்நாட்களில் ஆட்டத்துக்கு 5 டொலர் பெற்றுப் பெண்கள் ஐஸ் ஹொக்கியும் விளையாடினார். 1942இல் ரொறன்ரோ அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டவர் அங்கு அலுவலக முகாமையாளரானார். செலவுக் கணக்கும், ஆட்களை வேலை வாங்கும் விதமும் அங்கேதான் கைவந்தன. கணவர் சாமுடன் சேர்ந்து ஊர்ப் பத்திரிகையொன்றையும் நடத்தினார். 1970இல் ஸ்ரீற்ஸ்வில் என்ற சிறு பட்டினத்தின் மேயர். அப்பட்டினம் 1974இல் மிசிசாகாவுடன் இணைக்கப்பட்டது.

மிசிசாகா மேயராகி ஒரு வருடம்கூட நிறையவில்லை. 1979 நவம்பர் 10ஆம் திகதி நள்ளிரவுக்குச் சற்றுமுன், இரசாயனங்கள் ஏற்றிவந்த புகையிரதம் நகருக்குள் தடம் புரண்டு வெடித்தது. ஒரு தாங்கியிலிருந்து குளோரின் வாயு கசிந்தது. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்க்கப்பட்டனர். வைத்தியசாலை நோயாளரும் முதியோரும் அவர்களுள் அடக்கம். இடம்பெயர்வு என்றால் என்னவென்று எமக்குச் சொல்லத் தேவையில்லை. கணுக்கால் சுளுக்கியபோதும் மக்கலியன் நொண்டி நொண்டி வந்து மக்களுக்கு விபரம் சொன்னார். ஓர் உயிரும் போகவில்லை. ஒரு வாரத்துக்குள் அனைவரும் வீடு திரும்பினர்.

நகர நிதியை அவர் ஒரு தொழிலகம் போலவே பார்த்தார். புதுக் குடியிருப்புகளுக்கான வீதி, குழாய்நீர்ச் செலவில் பெரும்பங்கை வீடு கட்டி விற்போரிடமே அறவிட்டார். நகரம் நீண்டகாலம் கடனின்றி இருந்தது. ஆனால் கார் இல்லாமல் வாழ முடியாதபடி நகரம் பரந்துவிட்டது என்ற குறையும் நியாயமானதே.

சுயதொழில் செய்யும் சகோதரிகளிடம் நான் அடிக்கடி சொல்வது, வீட்டுக் காசையும் தொழில் காசையும் ஒரே பையில் போடாதீர்கள் என்பதுதான். இத்தனை அனுபவசாலியும் அங்கேதான் இடறினார். அவரது மகனுக்குப் பங்குள்ள நிறுவனமொன்று நகர மண்டபத்தருகே ஹோட்டல் கட்டத் திட்டமிட்டது. மேயர் அதற்காக முனைந்து உழைத்தார். மகன் அதில் முகவர் மட்டுமே என்று நினைத்ததாக அவர் சாட்சியமளித்தார். 2011இல் வெளியான நீதி விசாரணை அறிக்கையோ, அவர் உண்மையான நலன் முரண்பாட்டில் இருந்ததாகக் கூறியது. எனினும், அன்றைய மாநகர நலன் முரண்பாட்டுச் சட்டத்தை அவர் மீறவில்லை என்றது. வாக்காளர்கள் மன்னித்திருக்கலாம். எனக்கு அது சிறிய விடயமாகப் படவில்லை.

93 வயதில் பதவி விலகியவர், 2023 ஜனவரியில், 101 வயதில் காலமானார். அதற்கு முன்பு, 2016இல், ஷெரிடன் கல்லூரி அவரைத் தன் முதலாவது வேந்தராக்கியது. பல்கலைக்கழகப் படி மிதிக்காத அவர் மாணவர்களின் பட்டமளிப்பு மேடையில் அமர்ந்தார்.