விலைச்சீட்டு மங்குவது ஏன்?

துவரம்பருப்பு, மல்லி, மிளகாய் என்று நம் கடையிலேயே எடைபோட்டுக் கட்டும் பாக்கெட்டுகளில் நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை முதலியவை தெளிவாக இருக்க வேண்டும் என்கின்றன 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருட்கள் விதிகள். தமிழ்நாட்டில் இதைச் சோதிப்பவர்கள் தொழிலாளர் துறையினர். "அச்சடித்தோம், மங்கிவிட்டது" என்ற பதில் அவர்களிடம் எடுபடாது. 38 ரூபாயை 33 என்று படித்த வாடிக்கையாளரிடம் கல்லாவில் நின்று வாதாடி ஜெயித்தாலும் நஷ்டம் நமக்குத்தான்.

எழுத்து மங்கியதும் லேபிள் கன் பழுது என்று முடிவு கட்டிவிடுகிறோம். முதலில் உள்ளே இருக்கும் மை ரோலரைப் பாருங்கள். விசையை இயக்கும்போது இது எண்களின் மேல் உருண்டு மை பூசுகிறது. நடுவில் பிளாஸ்டிக் அச்சு, சுற்றிலும் நுண்துளைகள் நிறைந்த ஸ்பாஞ்ச் போன்ற பொருள். விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் அத்துளைகள் மையைப் பிடித்து வைத்து, எண் தொடும் இடத்தில் மட்டும் சிறிது விடுகின்றன. துளை பெரிதானால் மை அதிகமாக வந்து 8-இன் கண் அடைபடும். மிகச் சிறிதானால் மேற்பரப்புக்கு மை வந்து சேரத் தாமதமாகும். தொடர்ந்து அடித்தால் வெளிறும், சற்று ஓய்வு கொடுத்தால் மீண்டும் தெளியும்.

இந்த மை சீக்கிரம் காய்ந்துபோகாத எண்ணெய் மை. காகிதம் உறிஞ்சுவதால்தான் நிற்கிறது. பாலிதீன் கவரில் நேராக அடித்தால் விரல் பட்டதும் அழியும். கவரில் அடிக்கச் சூடேற்றும் கோடிங் மெஷின் உண்டு. அதன் ரோலரில் மை கட்டியாக இருக்கும். சூட்டில் இளகி, கவரில் பட்டவுடன் இறுகிவிடும்.

சிக்கனம் என்று நினைத்து ஸ்டாம்ப் பேடு மையை ரோலரில் ஊற்றுவோர் நம்மில் உண்டு. தண்ணீர் கலந்த மை எண்ணெய் மையோடு சேராது; திட்டுத் திட்டாகத்தான் அடிக்கும். புது ரோலர் போடுவதே லாபம்.

மளிகைக் கடைக்கென்றே ஒரு தொல்லை, மாவும் மிளகாய்த்தூளும். அவை படிந்தால் துளைகள் அடையும். வேலை முடிந்ததும் கன்னை உறைக்குள் வையுங்கள். ஒரு பக்க எண்கள் மட்டும் வெளிறினால் ரோலர் சரியாக உட்காரவில்லை, அல்லது அது வேறு மாடலுக்கு உரியது. வாங்கப் போகும்போது பழைய ரோலரைக் கையோடு கொண்டுபோங்கள்.