வேலைக்குப் போகும் வீடும் வெள்ளிக்கிழமை அறிவிப்பும்

திருப்பூர் வட்டாரத்தில் வேலை நாளை மணிக்கணக்கில் சொல்வதில்லை. ஷிப்ட் கணக்கில்தான் சொல்வார்கள். காலை 8.30-க்குத் தொடங்கி மாலை 5.30 வரை நின்றால் ஒரு ஷிப்ட். இரவு 8.30 வரை நின்றால் ஒன்றரை. ஏற்றுமதி ஆர்டரை முடித்து அனுப்ப வேண்டிய வாரங்களில் ஒன்றரை ஷிப்ட்தான் வழக்கம். சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து கம்பெனி வேனில் போகிறவர்கள் காலை 7.30-க்கெல்லாம் சாலைக்கு வந்து நிற்க வேண்டும். திரும்பி வீடு சேர இரவு 9 மணி தாண்டும். கூலி பெரும்பாலும் வாரக் கூலி. சனிக்கிழமை மாலை கைக்கு வரும். கடை, சந்தை, துணி துவைப்பது எல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான்.

நம் மாணவர்கள் பலருடைய வீடுகள் பள்ளிக்கூடத்தை இந்த அட்டவணைக்குள்தான் பொருத்திக்கொள்கின்றன. திருப்பூர் நான் அருகிலிருந்து பார்க்கும் எடுத்துக்காட்டு. உங்கள் ஊரில் அது தீப்பெட்டி வேலையாகவோ, தேயிலைத் தோட்டமாகவோ, நடவும் அறுவடையுமாகவோ இருக்கலாம். வேலை எதுவானாலும், அம்மா அப்பா இருவரும் சம்பாதிக்கப் போகும் வீட்டில் பருவம் முழுவதும் குழந்தையைத் தவறாமல் பள்ளிக்கு அனுப்புவது தினமும் ஒரு கணக்குப் போட்டு முடிக்கும் காரியம். அந்தக் கணக்கில் பாதி எண்கள் பள்ளியிடம் இருக்கின்றன. அதை நாம் எப்போது கொடுக்கிறோம் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

புதன்கிழமை இரவு வரும் செய்தி

“நாளை அறிவியல் செயல்பாட்டுக்கு ஒரு சார்ட், ஒரு ஸ்கெட்ச் பாக்கெட் கொண்டு வரவும்.” புதன்கிழமை இரவு 8 மணிக்கு வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் இப்படி ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நமக்கு அது ஒரு வரி. அந்த வீட்டில் என்ன நடக்கிறது?

கைப்பேசி அப்பாவிடம் இருக்கிறது. அவர் இன்னும் வேலையில். அம்மாவிடம் ஒன்று இருந்தாலும், பல கம்பெனிகளில் வேலை நேரத்தில் அதைத் தொட முடியாது. வீடு வந்து செய்தியைப் பார்க்கும்போது ஊரில் கடை சாத்தியிருக்கும். திறந்திருந்தாலும் வாரத்தின் நடுவில் கையில் காசு குறைவு. சனிக்கிழமை இன்னும் மூன்று நாள் தள்ளி இருக்கிறது. காலையில் கடை திறப்பதற்கு முன் வேன் வந்துவிடும். சார்ட் இல்லாமல் போகக் கூச்சப்படும் பிள்ளை, “வயிறு வலிக்குது” என்று சொல்லி வீட்டில் இருந்துவிடுகிறான். வருகைப் பதிவேட்டில் அது ஒரு நாள் விடுப்பு. ஆசிரியர் அறையில் அதற்கு நாம் வைக்கும் பெயர், “வீட்டுல கண்டுக்கவே மாட்டாங்க.”

இந்த வாக்கியத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒன்றரை ஷிப்ட் வேலை செய்துவிட்டு, மறுநாள் சோற்றுக்கும் தண்ணீருக்கும் வழி செய்துவிட்டுத் தூங்கப் போகும் வீடு அக்கறையில்லாத வீடு அல்ல. அதற்குத் தேவைப்பட்டது அறிவுரை அல்ல, நான்கு நாள் அவகாசம். ஒரு தாய் என்னிடம் கேட்டது இது: “டீச்சர், முந்தின ராத்திரி சொன்னா நாங்க எங்கீங்க போறது? வெள்ளிக்கிழமையே சொல்லீட்டீங்கன்னா சந்தைக்குப் போறப்பவே வாங்கியாந்துருவோமுங்க.”

வெள்ளிக்கிழமை என்று அவர் சொன்னதில் ஒரு கணக்கு இருக்கிறது. வெள்ளி மாலை செய்தி வீட்டுக்குப் போனால், சனிக்கிழமை கூலி வரும், ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போவார்கள், திங்கட்கிழமை பையில் பொருள் இருக்கும். வாரக் கூலி எந்தக் கிழமை வருகிறதோ அதற்கு முந்தின நாள் பள்ளியின் அறிவிப்பு நாளாக இருக்க வேண்டும். மாதச் சம்பளம் வாங்கும் நமக்கு இது எளிதில் தோன்றாது.

அறிவிப்பில் என்ன இருக்க வேண்டும்? ஐந்து வரிக்கு மேல் வேண்டாம். அடுத்த வாரம் எந்த நாளில் என்ன கொண்டு வர வேண்டும், எந்த நாள் விடுமுறை அல்லது அரை நாள், எந்தப் பாடத்தில் தேர்வு, பெற்றோர் வர வேண்டுமானால் எந்த நாள் எத்தனை மணிக்கு. இவ்வளவுதான். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் கரும்பலகையில் எழுதிப்போட்டு, மாணவர்களையே குறிப்பேட்டில் எழுதச் சொல்லலாம். மூன்றாம் வகுப்பிலிருந்து இது முடியும். எழுத்துப் பயிற்சியும் ஆயிற்று. பிறகு அதையே குரல் பதிவாகக் குழுவில் போட்டால் படிக்கத் தெரியாத பாட்டியும் கேட்பார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வேலை செய்யும் குடும்பத்துப் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் பிள்ளைதான் மொழிபெயர்ப்பாளர் என்பதால், அந்தப் பிள்ளைக்குச் செய்தி முழுதாகப் புரிந்ததா என்று ஒரு முறை திருப்பிச் சொல்லச் சொல்வது நல்லது.

இப்படி ஒரு மாதம் செய்து பார்த்தால் நமக்கும் ஒரு பயன் உண்டு. அடுத்த வாரத்துக்கு என்ன வேண்டும் என்று வெள்ளிக்கிழமையே யோசிக்க வேண்டியிருப்பதால், வாங்கித்தான் ஆக வேண்டும் என்று நினைத்த பொருள்களில் பாதி தேவையில்லை என்பது தெரியும். விதை வகைகளைப் பற்றிய பாடத்துக்கு வண்ணப் படம் அச்செடுத்து ஒட்ட வேண்டுமா? வீட்டு அஞ்சறைப் பெட்டியில் கடுகும் வெந்தயமும் இருக்கின்றன. கொல்லையில் ஆமணக்கு இருக்கிறது.

பால் கணக்கு எழுதும் காலண்டர்

வீட்டை ஒழுங்காக நடத்தப் புதிதாகச் செயலியோ அட்டவணையோ தேவையில்லை. அதற்கான கருவி பெரும்பாலான வீடுகளில் ஏற்கெனவே ஆணியில் தொங்குகிறது: மளிகைக் கடையிலோ நகைக் கடையிலோ கொடுத்த மாதக் காலண்டர். பால் கணக்கு அதில்தான் இருக்கும். சிலிண்டர் மாற்றிய தேதி, சீட்டுக் கட்டும் நாள், தண்ணீர் வரும் நாள் எல்லாம் அதில்தான். பள்ளித் தேதிகளும் அங்கேயே போக வேண்டும். தனியாக ஒரு தாளில் ஒட்டினால் யாரும் பார்க்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை குறிப்பேட்டில் எழுதியதைப் பிள்ளையே காலண்டரில் எழுதட்டும். அண்ணன் தம்பி மூவர் படிக்கும் வீட்டில் ஆளுக்கு ஒரு நிறம்.

பருவத் தொடக்கத்தில் பெரிய தேதிகளைக் கொடுத்துவிடுவது இன்னும் நல்லது. ஏழாம் வகுப்பு வரை முப்பருவ முறை 2012-13 முதல் இருப்பதால், பருவத்தின் தொடக்கமும் தேர்வுக் காலமும் நமக்குத் தோராயமாக முன்பே தெரியும். செப்டம்பரிலும் டிசம்பரிலும் தேர்வு நடக்கும் வாரங்கள் தெரிந்தால், ஊருக்குப் போவதையும் மொட்டை, காதுகுத்தையும் வீட்டார் அதற்கேற்ப வைத்துக்கொள்வார்கள். தெரியாதபோதுதான் தேர்வு அன்று பிள்ளை பழனியில் இருப்பான்.

சான்றிதழ் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. எட்டாம் வகுப்பு மாணவர் எழுதும் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வில் தேர்ச்சி பெற்றுத் தேர்வானால், 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மிகாமல் இருக்க வேண்டும். அதற்கு வருமானச் சான்று வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று கை மாறித்தான் வரும். மையம் திறந்திருக்கும் நேரமும் ஷிப்ட் நேரமும் ஒன்று. ஆகவே அது ஒரு நாள் கூலியை விட்டுச் செய்யும் வேலை. கடைசித் தேதிக்கு முந்தின வாரம் சொன்னால் ஆர்டர் நெருக்கடியில் விடுப்புக் கிடைக்காது. நன்றாகப் படிக்கும் பிள்ளை ஒரு தாளுக்காக நான்கு ஆண்டு உதவித்தொகையை இழப்பான். ஜூலையிலேயே சொன்னால், வேறு காரியத்துக்காக விடுப்பு எடுக்கும் நாளில் அதையும் முடித்துக்கொள்வார்கள்.

அக்காவின் தலையில்

அறிவிப்பு தாமதமானால் அதன் பாரம் முதலில் அம்மா மேல் விழுகிறது. அம்மா வேனில் ஏறியபின் அது மூத்த பெண் பிள்ளை மேல் இறங்குகிறது. இதைத்தான் நாம் அதிகம் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒருவர் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடமும், ஆண் 97 நிமிடமும் செலவிடுகிறார்கள். இந்த இடைவெளி கல்யாணத்துக்குப் பிறகு திடீரென்று தொடங்குவதில்லை. எட்டாம் வகுப்புப் பெண் தம்பிக்குத் தலைவாரி, குடத்தில் தண்ணீர் பிடித்துவைத்து, வீட்டைப் பூட்டிச் சாவியை எதிர் வீட்டில் கொடுத்துவிட்டு வருகிறாள். தம்பி அங்கன்வாடிக்குப் போகிறவனாக இருந்து, அது திறக்கும் நேரம் பள்ளி மணிக்குப் பிந்தியதாக இருந்தால், அவள் தினமும் தாமதம். ஆறாம் வகுப்பு அண்ணன் ஒருவன் அதே வீட்டிலிருந்து நேரத்துக்கு வந்து வரிசையில் நிற்பான்!

தாமதமாக வரும் பெண்ணை வெளியே நிறுத்துவதற்கு முன், காலையில் அவள் செய்துவிட்டு வரும் வேலைகளை வரிசையாகச் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். பெற்றோரிடம் பேசும்போது, “பொண்ணை நேரத்துக்கு அனுப்புங்க” என்பதைவிட, “தண்ணி பிடிக்கிறதையும் வீடு பூட்டுறதையும் பையன் பார்த்துக்கட்டுமே” என்பது பயன் தருகிறது. பெரும்பாலானோர் மறுப்பதில்லை, யாரும் அப்படிக் கேட்டதில்லை, அவ்வளவுதான். பையனிடமும் வகுப்பிலேயே சொல்லலாம். தன் தட்டைக் கழுவுவது, சீருடையை மடிப்பது, இரவே பையில் மறுநாள் பாட அட்டவணைப்படி புத்தகம் எடுத்து வைப்பது, பையையும் அடையாள அட்டையையும் ஒரே ஆணியில் மாட்டுவது: ஏழு வயதுப் பிள்ளைக்கு இவையெல்லாம் முடியும். காலையில் தேடும் பொருள்தான் வீட்டில் சண்டைக்குக் காரணம். தேடல் இரவிலேயே முடிந்துவிட்டால் காலையில் கத்தல் பாதி குறையும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சீருடை காயாது. ஞாயிற்றுக்கிழமை துவைத்தது புதன்கிழமை வரை ஈரமாக இருக்கும் வீடுகள் உண்டு. அந்த இரண்டு மாதம் வேறு உடையில் வரும் பிள்ளையை வாசலில் கேள்வி கேட்காமல் இருப்பதே பெரிய உதவி.

காலை உணவைப் பற்றியும் ஒன்று. 2022-இல் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசு தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், வேனுக்கு ஓடும் தாய்மாருக்கு ஒரு வேளைச் சமையலைக் குறைத்தது. ஆனால் அது 1 முதல் 5-ஆம் வகுப்பு வரைதான். ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறாம் வகுப்புக்கு வரும் ஜூன் மாதத்தில் அந்த வீட்டின் காலை மறுபடி மாறுகிறது. பள்ளியும் சில நேரம் தூரம். ஆறாம் வகுப்பு ஆசிரியர்கள் முதல் இரண்டு வாரம், யார் சாப்பிடாமல் வருகிறார்கள் என்று காலை முதல் பாடவேளையிலேயே கவனித்துவிட்டால் நல்லது.

நம் வீடுகளும் வேலைக்குப் போகும் வீடுகள்தான். சனிக்கிழமை குறுவள மையக் கூட்டம், வீட்டுக்கு எடுத்துச் செல்லும் விடைத்தாள்கள், நான்கு டிபன் பாக்ஸ், 7.50 பஸ். கூட்டம் இருப்பது வெள்ளிக்கிழமை மாலை தெரியவந்தால் நமக்கு எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சக ஆசிரியை ஒருவர் வீட்டில் ஞாயிறு இரவு சாப்பிட்டபின் கால் மணி நேரம் எல்லோரும் காலண்டர் முன் நிற்கிறார்கள்: யாருக்கு எந்த நாள் சீக்கிரம், யார் மாவு அரைப்பது, யார் பிள்ளையை அழைத்து வருவது. கணவரின் பெயர் காலண்டரில் ஏறிய பிறகுதான் மாவு அரைக்கும் வேலை கை மாறியது என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஜூன் முதல் வாரத்தில் மாணவர் விவரம் எழுதி வாங்கும்போது மூன்று கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டிலிருந்து கடைசிப் பெரியவர் காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்? முதலில் திரும்புபவர் எப்போது வருகிறார்? கூலி எந்தக் கிழமை? பதில்களை வருகைப் பதிவேட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டால் போதும். ஷிப்ட் மாறும்போது அழித்து எழுத வேண்டியிருக்கும்.