மங்கிப்போன கோட்டை மீட்க முடியுமா?

“ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் அனுப்பும் பிடிஎஃப், திறந்து பார்த்தால் பளிச்சென்று இருக்கிறது. அதையே என் ஏ1 ஷீட்டில் கொண்டுவந்து வைத்துப் பிரிண்ட் எடுத்தால் கம்பி அட்டவணையைப் படிக்க முடியவில்லை. ஏஐ மூலம் தெளிவாக்கித் தருவதாக ஒரு செயலியின் விளம்பரம் பார்த்தேன். வாங்கலாமா?” என்று கேட்கிறார், கட்டட டிராயிங் தயாரிக்கும் வாசகர் ஒருவர்.

வேண்டாம்.

பிடிஎஃப்புக்குள் கோடு இரண்டு விதமாக இருக்கலாம். இங்கே தொடங்கு, அங்கே முடி, தடிமன் 0.18 மி.மீ. என்ற கட்டளையாக இருந்தால், எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் புதிதாக வரையப்படும். அல்லது கோட்டின் படம் மட்டும் பிக்சல்களாக இருக்கும். சில மென்பொருள்கள் கோப்பை உள்ளே எடுக்கும்போதே, நமக்குச் சொல்லாமல் முதல் வகையை இரண்டாம் வகையாக மாற்றிவிடுகின்றன. வினை அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு பிக்சலுக்கு ஒரு நிறம்தான். 150 டிபிஐயில் அதன் அகலம் சுமார் 0.17 மி.மீ.; நம் கோடும் ஏறக்குறைய அதே அளவு. கோடு பிக்சலுக்குள் சரியாக உட்கார்ந்தால் கறுப்பு. இரண்டு பிக்சல்களுக்கு நடுவில் விழுந்தால் ஆளுக்குப் பாதி. இரு மடங்கு அகலத்தில் சாம்பல் பட்டை. டைல்ஸ் தரையில் ஒரு வரிசை கறுப்பு டைல்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தரையைப் பார்த்து, சற்றே பெரிய டைல்ஸால் இன்னொரு வீட்டில் அப்படியே போடச் சொல்கிறோம். டைல்ஸை வெட்டக் கூடாது. மேஸ்திரி என்ன செய்வார்? ஒவ்வொரு டைலின் இடத்திலும் கறுப்பு எவ்வளவு, வெள்ளை எவ்வளவு என்று கணக்குப் பார்த்து, சராசரி நிறத்தில் ஒன்றைப் பதிப்பார். மூன்றாம் வீட்டு மேஸ்திரி முதல் வீட்டுக்குப் போவதே இல்லை. இரண்டாம் வீட்டின் சாம்பலைப் பார்த்து மறுபடி சராசரி போடுகிறார். கோப்பை உள்ளே எடுப்பது, ஷீட்டுக்கு அடங்க 97 சதவீதமாகச் சுருக்குவது, திரும்பப் பிடிஎஃப் ஆக்குவது என்று நம் கோடு மூன்று மேஸ்திரிகளின் கையைத் தாண்டி வருகிறது. கறுப்பு எங்கே என்று கடைசி மேஸ்திரியைக் கேட்டுப் பயனில்லை. அவர் அதைப் பார்த்ததே கிடையாது. 8-இன் வயிறு அடைத்து, 3-க்கும் 8-க்கும் வேறுபாடு போவது இப்படித்தான்.

 

ஏஐ செயலியும் அந்தக் கடைசி மேஸ்திரியின் இடத்தில்தான் நிற்கிறது. தொலைந்த கோட்டை அது மீட்பதில்லை, ஊகிக்கிறது. ஊகம் பளிச்சென்று இருப்பதுதான் ஆபத்து. ஏஐ இல்லாமலேயே இப்படி நடந்திருக்கிறது. 2013-இல் ஜெர்மனியைச் சேர்ந்த டேவிட் க்ரீசெல், ஜெராக்ஸ் வொர்க்சென்டர் இயந்திரங்களில் ஸ்கேன் செய்த ஒரு கட்டட பிளானில், 21.11 சதுர மீட்டர் அறையும் 17.42 சதுர மீட்டர் அறையும் 14.13 என்று மாறியிருந்ததை வெளிப்படுத்தினார். எழுத்து துளியும் மங்கவில்லை. ஒரே மாதிரி தெரியும் துண்டுகளில் ஒன்றை மட்டும் சேமித்து, மற்ற இடங்களில் அதையே ஒட்டும் ஜேபிக்2 என்ற சுருக்கும் முறையின் வேலை அது. நிறுவனம் பிறகு மென்பொருளைத் திருத்தித் தந்தது. மங்கிய எண்ணைப் பார்த்தால் போன் போட்டுக் கேட்போம். பளிச்சென்ற தப்பான எண்ணைப் பார்த்தால் கம்பியை வெட்டிவிடுவோம்.

வந்த பிடிஎஃப்பை 1600 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். விளிம்பு சீராக இருந்தால் அது கோடு. ஆட்டோகேட் 2017 முதல் இருக்கும் பிடிஎஃப்இம்போர்ட் கட்டளையால் கோடாகவே உள்ளே எடுங்கள். தெரிந்த ஒரு நீளத்தை அளந்து ஸ்கேலைச் சரிபாருங்கள். விளிம்பு பல்பல்லாக இருந்தால் அது படம். காகிதம் கையில் இருந்தால் 600 டிபிஐயில் திரும்ப ஸ்கேன் செய்து பிஎன்ஜியாக வையுங்கள். அந்த அளவில் கோடு நான்கு பிக்சல் அகலம் இருக்கும். ஓரம் சாம்பலானாலும் நடு கறுப்பாக நிற்கும். ஜேபெக் வேண்டாம், கூரிய விளிம்பைச் சுற்றி அழுக்கைப் பூசிவிடும். காகிதமும் இல்லையென்றால், எஞ்சினியரிடம் மூல டிராயிங் கோப்பையே கேட்டு வாங்குங்கள். கூச்சப்பட வேண்டாம்.