மறைந்த கட்டி திரும்புவதேன்?

1942ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஏல் பல்கலைக்கழகத்தில், நிணநீர்ப் புற்றால் துன்புற்ற ஒருவருக்கு நைட்ரஜன் மஸ்டர்டு என்னும் மருந்தை ஊசிமூலம் செலுத்தினார்கள். திரண்டிருந்த கட்டிகள் சில நாட்களிலேயே கரைந்தன. ஆனால் அவை விரைவில் திரும்பி வந்தன. மீண்டும் மருந்து கொடுத்தும் அந்நோயாளி பிழைக்கவில்லை.

மறைந்த கட்டி எங்கிருந்து வந்தது? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு கட்டியில் 100 கோடி புற்றுச் செல்கள் உள்ளன என்று கொள்வோம். ஒரு தவணை மருந்து ஆயிரத்துக்கு 999 செல்களைக் கொல்கிறது. மிஞ்சுபவை 10 லட்சம். கட்டி கைக்குத் தட்டுப்படாது. நோயோ உள்ளேயே இருக்கிறது! அடுத்த தவணைக்குப் பின் 1,000 மிஞ்சும். மருந்து ஒவ்வொரு முறையும் அழிப்பது ஒரே விகிதத்தைத்தான் என்பதை, ஹோவர்டு ஸ்கிப்பர் 1960களில் எலிகளின் இரத்தப் புற்றைக் கொண்டு விளக்கினார். ஆகவே கட்டி மறைந்த பின்னும் சிகிச்சை தொடர வேண்டும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. 10 லட்சம் செல்களில் ஒன்று அம்மருந்துக்கு மசியாதது எனில், 100 கோடியில் அத்தகையவை 1,000 இருக்கும். அவை பெருகினால் பழைய மருந்து பலிக்காது. வேறு வழியில் தாக்கும் இரண்டாவது மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால்? இரண்டுக்கும் மசியாத செல் லட்சம் கோடிக்கு ஒன்றாகக் குறைந்துவிடும். கூட்டு மருந்துச் சிகிச்சையின் அடிப்படை இதுவே.

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் வின்சென்ட் டிவிட்டா குழுவினர் நான்கு மருந்துகளை இணைத்து, 1970இல் முடிவை வெளியிட்டனர். அவற்றுள் ஒன்றான வின்கிரிஸ்டின், நம் வீட்டுத் தோட்டத்து நித்தியகல்யாணிச் செடியிலிருந்து கிடைப்பது. இரண்டு வாரம் மருந்து, இரண்டு வாரம் ஓய்வு. அந்த ஓய்வில் எலும்பு மஜ்ஜை தேறிக்கொள்ளும். முற்றிய ஹாட்ஜ்கின் நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் நெடுங்காலம் நோயின்றி வாழ்ந்தனர்.

மீதிப்பேர்? பழைய நான்குக்கும் மசியாத செல்களைப் புதிய நான்கு மருந்துகளால் தாக்கலாம் என்று மிலான் நகரத்து போனடோனா எண்ணினார். 1975இல் அவர் வெளியிட்ட அக்கூட்டு, பின்னாளில் முதல் சிகிச்சையாகவே உயர்ந்தது.

மருந்தின் அளவை மிகுதியாகக் கூட்டினால் மஜ்ஜை அழிந்துவிடும். அதற்கும் வழி கண்டார்கள். நோயாளியின் மஜ்ஜையை முன்னரே எடுத்து உறையவைத்து, கடும் மருந்து கொடுத்தபின் அவருக்கே திரும்பச் செலுத்தினார்கள். நோய் திரும்பிய பின்னும் கூட்டு மருந்துக்கு இணங்கிய 109 பேரை இரு பிரிவாக்கி நடந்த பன்னாட்டு ஆய்வு 1995இல் வெளியாயிற்று. இம்முறையைப் பெற்றோரில் நூற்றுக்கு 53 பேரும், வழக்கமான மருந்து மட்டும் பெற்றோரில் 32 பேரும் ஐந்தாண்டுக்குப் பின் உயிரோடிருந்தனர்.

இன்று, நோயாளியின் சொந்த வெள்ளணுக்களையே மாற்றியமைத்துப் புற்றை வேட்டையாட அனுப்புகிறார்கள். எல்லாரும் பிழைப்பதில்லை. ஆனாலும் நோய் திரும்பிவிட்டது என்று கேட்டவுடன் நம்பிக்கை இழக்கவேண்டியதில்லை. கட்டி கரைந்துவிட்டதே என்று தவணையை நிறுத்த நினைப்பவரை நீங்கள் கண்டால், அந்தப் 10 லட்சம் செல்களின் கணக்கை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.